யாஷிகாவுக்கு எந்த லைற் மீற்றர்?

கேள்வி: அண்ணை, முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடுகளுக்கு டிஜிட்டல் கமராவும் இரண்டு பிளாஷும் வைத்துப் படம் எடுத்து வருகிறேன். மாமாவின் யாஷிகா மேட் 124ஜி என்ற இரட்டை லென்ஸ் பிலிம் கமரா இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. சட்டர் நன்றாக ஓடுகிறது, வெளிச்சத்தை அளக்கும் மீற்றரின் ஊசி மட்டும் அசையவில்லை. இடப்பெயர்வுகளில் எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் அல்பமே இல்லாமல் போய்விட்டது. அந்த வீட்டு ஆச்சி, அப்புமாரைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்துக் கொடுக்க விருப்பம். கொழும்பில் ஒருவர் பழைய வெஸ்டன் மாஸ்டர் லைற் மீற்றர் ஒன்றை விற்கிறார். ஆவணியில் கனடாவிலிருந்து வரும் மச்சாளிடம் சொன்னால் புதிதாகவும் ஒன்று கொண்டுவருவா. யூடியூப்பில் எல்லோரும் ஸ்பொட் மீற்றரைத்தான் புகழ்கிறார்கள். எதை வாங்கலாம்? போனில் உள்ள அப் போதாதா? "எங்கட ஆக்களின்ர நிறத்துக்கு எப்பவும் ஒரு ஸ்டொப் கூட்டி எடு" என்கிறார் ஒரு நண்பர். அது சரியா?

பதில்: தங்கச்சி, கடைக்குப் போக முதல் மாமாவின் கமராவை ஒருக்கால் வடிவாகப் பாருங்கள். 124ஜியில் மேல்மூடியைத் திறந்தால்தான் மீற்றர் வேலை செய்யும். மூடியபடி ஊசியைப் பார்த்துவிட்டுப் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. திறந்தும் அசையவில்லையா, பற்றரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் பஞ்சில் ஒரு துளி வினாகிரி தொட்டுத் துடைத்து, காயவிட்டு, புதுப் பற்றரி போட்டுப் பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1970 தொடக்கம் 1986 வரை வந்த இந்தக் கமராவுக்கு அந்தக்காலப் பாதரசப் பற்றரிதான் கணக்கு, 1.35 வோல்ற். பாதரசம் கூடாது என்று அதை நிறுத்திவிட்டார்கள். அதே அளவில் இப்போது கிடைக்கும் அல்கலைன் பற்றரி 1.5 வோல்ற். ஊசி ஓடும், ஆனால் சொல்வது பொய்யாக இருக்கும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 இலக்கப் பற்றரி 1.4 வோல்ற், அது பரவாயில்லை. கொஞ்சம் சிறியதென்பதால் சுற்றிவர ஒரு வளையம் வைத்து இறுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் தாளை உரித்த நாளிலிருந்து பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே போகும்.

இவ்வளவும் செய்து ஊசி ஓடினாலும் நான் அதை நம்பி ஆச்சியை எடுக்கச் சொல்லமாட்டேன். காரணத்தை உங்கள் நண்பரின் கதையோடு சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த மீற்றர் வாங்குவது என்ற கேள்விக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

கமராவுக்குள் இருக்கும் மீற்றர், ஒரு சின்ன இடத்தை மட்டும் குறிவைத்து அளக்கும் ஸ்பொட் மீற்றர், போன் அப் எல்லாமே பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தைத்தான் பார்க்கின்றன. எதிரில் இருப்பது வேட்டியா, எருமை மாடா என்று அவற்றுக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுச்சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ற எண்ணைச் சொல்லும். ஆனையிறவில் உப்புக் குவியலுக்கு நேரே பிடித்தால் உப்பைச் சாம்பலாக்கும் எண்ணைத்தான் தரும். வெள்ளை வெள்ளையாக வர வேண்டுமென்றால் நீங்களாக இரண்டு ஸ்டொப் அளவுக்குக் கூட்ட வேண்டும். ஒரு ஸ்டொப் கூட்டுவதென்றால் பிலிமில் விழும் வெளிச்சத்தை இரண்டு மடங்காக்குவது, குறைப்பதென்றால் பாதியாக்குவது. கறுத்த முகத்தை நிறையக் காட்டினால் நடப்பது இதற்கு எதிர்மாறு. மீற்றர் அதைச் சாம்பல் அளவுக்கு வெளிறவைக்கப் பார்க்கும், ஆகவே அங்கே குறைக்க வேண்டும்.

இப்போது நண்பரின் கதைக்கு வாருங்கள். அவர் வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளைமாரை எடுத்திருப்பார். படச்சட்டத்தில் பாதி வேட்டியும் சால்வையும். மீற்றர் வேட்டியைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்க, முகம் இருண்டுபோயிருக்கும். ஒரு ஸ்டொப் கூட்டினார், முகம் சரியாக வந்தது. பழி நிறத்தின் மேல் விழுந்துவிட்டது, ஆனால் மீற்றரைக் குழப்பியது வேட்டி. அதே ஆளை முகம் மட்டும் நிறையும்படி கிட்டப்போய், அதே ஒரு ஸ்டொப்பைக் கூட்டி எடுத்தால் முகம் வெளிறிப்போகும். "எப்பவும் கூட்டு" என்ற விதியைக் கைவிடுங்கள்.

விழும் வெளிச்சத்தை அளக்கும் மீற்றருக்கு இந்தத் தலையிடி இல்லை. எவ்வளவு மழை பெய்தது என்று அறிய முற்றத்தில் மழைமானியை வைப்போம், மண் எவ்வளவு குடித்தது என்பது வேறு கணக்கு. அதுபோலத்தான் இதுவும். வெள்ளைக் கவிகைமூடி ஒன்று முன்னால் இருக்கும், பிங்பொங் பந்தைப் பாதியாக வெட்டிய அளவு. அதை ஆச்சியின் முகத்துக்குக் கிட்டப் பிடித்து, கமரா இருக்கும் பக்கம் திருப்பி, பட்டனை அமத்த வேண்டும். ஆச்சி கறுப்போ சிவப்போ, கட்டியிருப்பது வெள்ளைச் சேலையோ நாவல் நிறச் சேலையோ, எண் ஒன்றுதான். கறுத்த முகம் கறுத்த முகமாகவே வரும், வெள்ளைச் சேலை வெள்ளையாகவே வரும். நெகடிவ் பிலிமில் முகத்தின் நிழல்பக்கம் கொஞ்சம் கூடத் தெரிய வேண்டுமென்றால் அரை ஸ்டொப் கூட்டலாம், பிலிம் அதைத் தாங்கும். அது ரசனைக்காகச் செய்வது.

ஆகவே உங்களுக்கு விழும் வெளிச்சத்தை அளக்கும் மீற்றர்தான் வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

கலியாண வேலைக்கு, டிஜிட்டல் கமராவுக்கு, மீற்றர் அவசியமில்லை. எடுத்த படத்தைத் திரையில் பார்க்கலாம், வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் பார்க்கலாம். பிளாஷைக்கூட ஒரு படம் எடுத்துப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். மணவறைக்கு முன்னால் மீற்றரோடு நின்றால் ஐயரும் கோபிப்பார், வீடியோக்காரரும் கோபிப்பார். பிலிமுக்குத்தான் அது வேண்டும். யாஷிகாவில் ஒரு 120 பிலிமுக்குப் பன்னிரண்டு படம், எடுத்தது என்னவென்று கழுவும்வரை தெரியாது.

மச்சாள் வரும்வரை சும்மா இருக்கத் தேவையுமில்லை. டிஜிட்டல் கமராவை மீற்றராகப் பாவியுங்கள். வெளிச்சத்தை உணரும் வேகத்தைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ எண்ணைப் பிலிமின் எண்ணுக்கு வைத்து, ஸ்பொட் முறைக்கு மாற்றி, உங்கள் உள்ளங்கையை ஆச்சியின் முகத்துக்குப் பக்கத்தில், அவர் முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் பிடித்து அளவுங்கள். உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டொப் வெளிச்சம் கூடியது. ஆகவே வந்த எண்ணிலிருந்து ஒரு ஸ்டொப் கூட்டி யாஷிகாவில் வையுங்கள். மேனியின் நிறம் ஆளுக்கு ஆள் மாறும் அளவுக்கு உள்ளங்கை மாறாது என்பதால் இது நன்றாகவே வேலை செய்யும். போன் அப்பும் இதே வேலையைத்தான் செய்யும். ஆனால் வன்னி வெயிலில் போன் திரையைப் பார்ப்பதே பெரும்பாடு, பிளாஷையும் அது அளக்காது. பழகுவதற்குப் போதும்.

பிளாஷ் என்றதும் இன்னொரு விடயம். உங்களிடம் இரண்டு பிளாஷ் இருக்கிறது, யாஷிகாவில் இருப்பது லென்ஸுக்குள் உள்ள இலைச் சட்டர். அது 1/500 செக்கன் வரை எந்த வேகத்திலும் பிளாஷோடு ஒத்துப்போகும். உங்கள் டிஜிட்டல் கமரா பெரும்பாலும் 1/200 அல்லது 1/250ஓடு நின்றுவிடும். இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம், எங்கள் ஊர் வெயிலில் அப்படியல்ல.

வன்னி ஏறக்குறைய வடக்கு 9 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டியும், பிறகு ஆங்கில ஓகஸ்ட் கடைசியிலும் மதியச் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். மச்சாள் வரும் காலமும் அதுதான். நெற்றியும் மூக்கும் பளிச்சென்றிருக்க, கண் இரண்டும் குழிக்குள் இருண்டுபோகும். அதற்கு ஒரு வழி நிழலுக்குள் கூட்டிப்போவது, மற்றது பிளாஷால் கண்ணுக்கு வெளிச்சம் போடுவது. ஐ.எஸ்.ஓ 100 பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16, 1/125. எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறையக் குறையத் திறப்பு பெருக்கும். அதே வெளிச்சத்துக்கு எஃப் 8, 1/500 என்றும் வைக்கலாம். 1/250இல் நிற்கும் கமரா எஃப் 11ஐத் தாண்டித் திறக்க முடியாது. எஃப் 8இல் எடுத்தால் பிளாஷ் பாதிப் பலத்தில் அதே வேலையைச் செய்யும், பின்னால் இருக்கும் கிடுகுவேலியும் கொஞ்சம் மங்கும். ஆனால் பிலிமில் பிளாஷை ஊகித்துப் போட முடியாது. பிளாஷை எரியவைத்து, அந்தக் கணத்து வெளிச்சத்தைப் பிடித்து எஃப் எண் சொல்லும் மீற்றர் வேண்டும். மலிவான சின்ன மீற்றர்கள் பல இந்த இடத்தில்தான் கழன்றுவிடும். கமராவின் தலையில் செருகும் பொட்டுப்போன்ற மீற்றர்கள் வடிவானவை, ஆனால் அவை திரும்பும் வெளிச்சத்தை மட்டும் அளப்பவை, பிளாஷும் தெரியாது. செகோனிக் எல்-208 விழும் வெளிச்சத்தையும் அளக்கும், கைக்கு அடக்கமானது, ஆனால் அதற்கும் பிளாஷ் தெரியாது.

மச்சாளிடம் சொல்ல வேண்டிய பெயர் செகோனிக் எல்-308எக்ஸ். விழும் வெளிச்சம், திரும்பும் வெளிச்சம், பிளாஷ் மூன்றும் அளக்கும். சட்டைப் பையில் போடலாம். எனக்கு அதில் பிடித்தது, சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் ஏஏ பற்றரி ஒன்றே போதும் என்பது. ஒட்டுசுட்டானில் ஒரு சில்லறைக் கடையில் நின்றாலும் கிடைக்கும். அதே கொம்பனியின் எல்-358 இதைவிட வசதி கூடியது, பழையதாக நல்ல விலைக்கும் வரும், ஆனால் அதற்கு சிஆர்123ஏ பற்றரி. அது முடிந்த நாளில் வவுனியாவுக்கு ஓட வேண்டி வரலாம். இதற்கு முந்திய எல்-308எஸ் பழையதாகக் கிடைத்தாலும் உங்கள் வேலைக்கு வித்தியாசமில்லை. மினோல்டா ஆட்டோ மீற்றர் 4எஃப் இன்னொரு நல்ல பழைய மீற்றர், அதுவும் ஏஏ பற்றரிதான். மினோல்டா 2006இல் கமராத் தொழிலையே விட்டுவிட்டது, ஆகவே பழுதானால் திருத்துவது கரைச்சல். கையில் வைத்துப் பார்த்து வாங்குவதென்றால் மட்டும் வாங்குங்கள். மீற்றர் எதுவானாலும் வெள்ளை மூடி கீறலும் மஞ்சளும் இல்லாமல் இருக்கிறதா என்று மச்சாள் பார்க்க வேண்டும்.

கொழும்பு வெஸ்டன் விடயத்தில் ஆசை எனக்குப் புரிகிறது. பற்றரியே வேண்டாத மீற்றர், உலோகமும் கண்ணாடியுமாக வடிவான சாமான். வெளிச்சம் பட்டால் தானாக மின்சாரம் உண்டாக்கும் செலினியக் கலம் அதற்குள் இருக்கிறது. அந்தக் கலத்துக்கு ஈரம்தான் எதிரி. பல பத்தாண்டுகள் கொழும்புக் காற்றில் இருந்ததை எங்கள் மாரி மழைக்குள் கொண்டுவரப் போகிறீர்கள். உயிரோடு இருந்தாலும் இருட்டு அதற்குப் பிடிக்காது, பிளாஷும் தெரியாது. இன்வர்கோன் என்ற வெள்ளைக் கூம்பு கூட வருகிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் அதுவும் திரும்பும் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் இன்னொரு கருவிதான். ஆரம்பகால வெஸ்டன்களில் பிலிம் வேகத்துக்கு அவர்களின் சொந்த அளவு இருந்தது, இன்றைய 100 அதில் 80.

சரி, மனம் கேட்கவில்லை என்றால் காசு கொடுக்க முதல் சோதித்துப் பாருங்கள். உங்கள் டிஜிட்டல் கமராவையும் கொண்டுபோங்கள். வெயில் படும் ஒரு வெறுஞ்சுவர், நிழலில் ஒரு சுவர், அறைக்குள் ஒரு சுவர், மூன்றையும் இரண்டாலும் அளவுங்கள். வெஸ்டன் மூன்று இடத்திலும் ஒரே அளவு பிழை சொன்னால் பரவாயில்லை. பிலிம் வேக எண்ணை அதற்கேற்ப நகர்த்திவிட்டால் சரியாகிவிடும். வெயிலில் சரி, நிழலில் ஒரு ஸ்டொப் பிழை, அறையில் இரண்டு ஸ்டொப் பிழை என்றால் கலம் செத்துக்கொண்டிருக்கிறது. விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இந்தச் சோதனை எந்தப் பழைய மீற்றருக்கும் பொருந்தும்.

ஸ்பொட் மீற்றரை நான் குறை சொல்லவில்லை. ஒரு பாகை அகலத்தில் எட்டத்துப் பொருளைக் குறிவைத்து அளக்கும். நீங்கள் போக முடியாத இடத்தை அளக்க அதற்கு நிகரில்லை. உங்கள் தலைக்கு மேல் முகில், நந்திக்கடலின் அக்கரையில் வெயில் என்றால் விழும் வெளிச்சத்தை அளப்பது உதவாது. ஆனால் எந்தப் பகுதி எவ்வளவு கறுப்பாக, எவ்வளவு வெள்ளையாக வர வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் படப்பிடிப்பாளர்கள் ஆன்சல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 அளவில் வகுத்த ஸோன் முறை அதற்கானதுதான். எட்டத்துக் காட்சிகளை ஆறுதலாக எடுப்பவருக்கு அது. எல்-858டி போல ஸ்பொட்டும் சேர்ந்து வரும் மீற்றருக்கு எல்-308எக்ஸின் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். ஆச்சி உங்களிடமிருந்து இரண்டு முழத்தில் இருக்கிறா. எழும்பிப் போய் அளக்கலாம்.

அளக்கும்போது இரண்டு விடயம் கவனியுங்கள். மூடியின் மேல் உங்கள் நிழல் விழக்கூடாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிட்ட நின்றாலும் வெளிச்சம் தெறித்து எண் மாறும், கையை நீட்டிப் பிடியுங்கள். மற்றது, விறாந்தையில் ஆச்சியை இருத்தி முற்றத்தில் நின்று எடுக்கும்போது முற்றத்தில் அளக்காதீர்கள். ஐ.எஸ்.ஓ 400 பிலிமுக்கு மாமர நிழலில் எஃப் 5.6, 1/500 அளவில் சொல்லும். விறாந்தையின் உட்புறத்தில் அதே எஃப் 5.6க்கு 1/60 வரை இறங்கலாம். மூன்று ஸ்டொப் வித்தியாசம், நான்கு எட்டு வைக்கும் தூரத்துக்குள். பின்னேரங்களில் ஒவ்வொரு படத்துக்கும் திரும்ப அளவுங்கள். எங்கள் பக்கம் பொழுது பட்டால் அரைமணித்தியாலத்துக்குள் இருண்டுவிடும், பத்து நிமிசத்துக்கு முந்திய எண் உதவாது.

இரண்டு பிளாஷ் வைக்கும்போது ஒவ்வொன்றாக எரியவைத்துத் தனித்தனியே அளவுங்கள், மூடியை அந்தந்தப் பிளாஷின் பக்கம் திருப்பி. பிரதான பிளாஷ் எஃப் 8, மற்றது எஃப் 5.6 என்றால் முகத்தில் சுருக்கம் தெரியும், இருளாது. எஃப் 4க்கு இறக்கினால் நாடகம் மாதிரி இருக்கும். அப்புமாருக்கு அது பிடிக்கும், ஆச்சிமாருக்குப் பெரும்பாலும் பிடிக்காது. கடைசியில் இரண்டையும் சேர்த்து எரித்து, மூடியைக் கமராவின் பக்கம் திருப்பி ஒருக்கால் அளந்து, அந்த எண்ணை லென்ஸில் வையுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முள்ளியவளைக்காரி வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு யாஷிகாவோடு போகாமல் இருக்கமாட்டீர்கள். விளக்கு வெளிச்சம் முகத்தில் கிட்ட விழுந்தால் ஐ.எஸ்.ஓ 400க்கு எஃப் 4, கால் செக்கன் என்ற அளவில் வரும். முக்காலி வேண்டும், படத்தில் இருப்பவரும் அசையக்கூடாது. இன்னும் எட்டத்தில் நின்றால் செக்கன் கணக்கில் போகும். ஒரு செக்கனைத் தாண்டினால் மீற்றர் சொல்வதைப் பிலிம் முழுதாக ஏற்காது. இல்ஃபோர்ட் எச்பி5 பிலிமுக்கு மீற்றர் 4 செக்கன் என்றால் 6 செக்கன் திறக்க வேண்டும், 10 என்றால் 20. எரியும் சுடரையே படமாக எடுப்பதென்றால் விழும் வெளிச்சத்தை அளந்து பயனில்லை, சுடருக்கு அது பொருந்தாது. அங்கே டிஜிட்டல் கமராவில் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு எண்ணைத் தீர்மானியுங்கள்.

அல்பம் இல்லாத வீடுகளுக்குப் போகும்போது பிலிமை மட்டும் நம்பாதீர்கள். யாஷிகாவில் எடுத்ததும் அதே இருக்கையில், அதே வெளிச்சத்தில் டிஜிட்டலிலும் ஒன்று எடுத்துவிடுங்கள். கழுவுவதில் ஏதும் பிழைத்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு படம் இருக்கும். கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவ யோசித்தால், புத்தகங்களில் போட்டிருக்கும் நேரங்கள் 20 பாகைத் தண்ணீருக்கானவை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்படி இருக்காது, நேரத்தைக் குறைக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தனியாகத்தான் எழுத வேண்டும், எந்தப் பிலிம், எந்த மருந்து என்று சொல்லி எழுதுங்கள்.